ஐந்தாம் கட்டளை எது? புதிர்ப்போட்டிக்குக் கேள்வி எழுதுவது பற்றி

பினாங்கு மாநிலத்தின் பட்டர்வொர்த் தேவாலய இளைஞர் குழு சார்பில் நீங்கள் கேட்டது இதுதான்: நிதி திரட்டும் இரவு விருந்தில் ஒரு புதிர்ப்போட்டி நடத்த வேண்டும். பைபிள், சினிமா, புவியியல், வரலாறு, அறிவியல் என்று 5 சுற்று, சுற்றுக்கு 10 கேள்வி. தமிழில் நல்ல கேள்வித் தொகுப்பு எங்கே கிடைக்கும்? கூடவே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். போன வருடம் இயேசு பாலனைப் பார்க்க வந்த ஞானிகள் எத்தனை பேர் என்ற கேள்வியில் இரண்டு மேசைக்காரர்கள் மல்லுக்கு நின்று, கடைசியில் முதல் பரிசான ஹேம்பரை, அதாவது பரிசுக்கூடையை, பிரித்துக் கொடுக்க வேண்டியதாகிவிட்டது என்று. தொகுப்பு மட்டும் வேண்டுமென்றால் இணையத்தில் கொட்டிக் கிடக்கிறது, ஐந்து நிமிட வேலை. உங்கள் மனதில் இருக்கும் கேள்வி அந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது. மேடையில் வாசிக்கும் விடையை மண்டபம் முழுக்க மறுபேச்சில்லாமல் ஏற்க வேண்டுமானால் கேள்வியை எப்படி எழுதுவது? அதற்குத்தான் இந்தப் பதில்.

நான் பினாங்கில் தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பள்ளி, கோயில், மன்றம் என்று பல வருடமாகக் கேள்வித்தாள் எழுதியும் நடுவராக உட்கார்ந்தும் பழக்கம். இறையியல் என் துறை இல்லை. மிஷன் பள்ளியில் படித்த இந்து நான். அதனால் பைபிள் சுற்றை முடித்ததும் உங்கள் ஃபாதரிடமோ பாஸ்டரிடமோ காட்டிவிடுங்கள். புதுப்பட விஷயத்தில் உங்கள் குழுப் பிள்ளைகளே என்னைவிடத் தேவலாம். என் அனுபவத்தில் அடித்துச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. சண்டை வரும் கேள்விகளில் விடை முழுப் பொய்யாக இருப்பது அபூர்வம்; கேள்வியில் ஒரு நிபந்தனை விட்டுப்போயிருக்கும். எந்த நூலின்படி, எந்த வருட நிலவரப்படி, எதை அளந்து, எந்த எல்லைக்குள் என்பதில் ஏதோ ஒன்று. அதைச் சொல்லாமல் கேட்பது, தெருப்பெயர் இல்லாமல் வீட்டு எண்ணை மட்டும் எழுதித் தபாலில் போடுவது மாதிரி.

ஞானிகள் கேள்வியையே எடுத்துக்கொள்வோம். மத்தேயு 2-ஆம் அதிகாரத்தில் கிழக்கிலிருந்து வந்தவர்களுக்கு எண்ணிக்கை கிடையாது. பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம் என்று காணிக்கைதான் மூன்று. காணிக்கை மூன்றானதால் வந்தவர்களும் மூவர் என்று மேலைச் சபைகளின் மரபு வைத்துக்கொண்டது. கஸ்பார், மெல்கியோர், பல்தசார் என்ற பெயர்களும் பின்னாளில் வந்தவையே. சிரியச் சபை மரபில் 12 பேர் என்றும் ஒரு கணக்கு உண்டு. ஆக, மூன்று என்று எழுதிய மேசை மரபைச் சொன்னது, சொல்லப்படவில்லை என்று எழுதிய மேசை நூலைச் சொன்னது. உங்கள் தாளில் 'மத்தேயு நற்செய்தியின்படி' என்ற இரண்டு சொல் இருந்திருந்தால் ஹேம்பர் தப்பித்திருக்கும். நானாக இருந்தால் அதைக்கூடக் கேட்கமாட்டேன். 'மத்தேயு நற்செய்தியில் பாலன் இயேசுவுக்குக் கொடுக்கப்பட்ட மூன்று காணிக்கைகளில் எத்தனை மரத்திலிருந்து கிடைப்பவை?' என்று கேட்பேன். விடை இரண்டு. நற்செய்தி சொல்லும் சாம்பிராணியும் வெள்ளைப்போளமும் மரப்பட்டையைக் கீறி எடுக்கும் பிசின்கள். பைபிள் தெரிந்தவர் காணிக்கையைச் சொல்வார், பூஜை அறையில் சாம்பிராணி போடும் வீட்டுப் பிள்ளை பிசினைச் சொல்லும், மேசையே சேர்ந்து பேசி விடைக்கு வரும். சர்ச் நிகழ்ச்சிக்கு இந்து நண்பர்களும் டிக்கெட் வாங்கி வருவார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள்.

பைபிள் தொகுப்புகளில் அடிக்கடி வரும் தப்புகள் சில உண்டு, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஏதேனில் தின்ற பழம் ஆப்பிள் என்று ஆதியாகமத்தில் எங்கும் இல்லை. யோனாவை விழுங்கியது 'பெரிய மீன்' என்றுதான் யோனாவின் புத்தகத்தில் இருக்கிறது. திமிங்கிலம் என்று விடைத்தாளில் எழுதிவைத்துக்கொண்டு மீன் என்றவருக்கு மதிப்பெண் வெட்டாதீர்கள். நோவாவின் பேழையில் ஒவ்வொரு வகையிலும் எத்தனை என்றால் எல்லோரும் இரண்டு என்பார்கள். ஆதியாகமம் 6-ஆம் அதிகாரத்தில் அப்படித்தான் இருக்கிறது. அடுத்த அதிகாரத்தைத் திறந்தால் சுத்தமான மிருகங்களில் எவ்வேழு ஜோடி என்று வருகிறது. 'மோசே பேழையில் எத்தனை மிருகம் ஏற்றினார்' என்று கேட்டு, பேழை கட்டியது நோவா என்று மடக்கும் கேள்வியும் சுற்றிக்கொண்டிருக்கிறது. எனக்கு அந்த ரகம் பிடிக்காது. ஆளை முட்டாளாக்கிச் சிரிப்பதைத் தவிர அதில் வேறு எதுவும் இல்லை.

இன்னொரு கேள்வியில் பைபிளும் சினிமாவும் பின்னிக் கிடக்கின்றன. 'இஸ்ரவேல் மக்களை விடமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்த பார்வோனின் பெயர் என்ன?' தொகுப்புகளில் ராம்சேஸ் என்று போட்டிருக்கும். யாத்திராகமத்தில் அவனுக்குப் பெயரே இல்லை, எல்லா இடத்திலும் வெறும் பார்வோன்தான். முதல் அதிகாரத்தில் இஸ்ரவேலர் கட்டிய நகரம் ஒன்றின் பெயராக ராமசேஸ் வருகிறது. பார்வோனுக்கு அந்தப் பெயர் ஊரெல்லாம் ஒட்டிக்கொண்டதற்கு 1956-இல் வந்த 'டென் கமாண்ட்மெண்ட்ஸ்' படத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதில் யூல் பிரைனர் நடித்த பாத்திரம் ராம்சேஸ். இரண்டாம் ராம்சேஸ்தான் அந்த மன்னன் என்று வாதாடும் ஆய்வாளர்களும் உண்டு, மறுப்பவர்களும் உண்டு, அது இன்னும் முடியாத வழக்கு. ஆகவே இதை பைபிள் சுற்றில் வைக்காமல், '1956-இல் வந்த அந்தப் படத்தில்' என்று சொல்லி சினிமா சுற்றுக்குத் தள்ளுங்கள். அங்கே விடை ஒன்றே ஒன்று.

உங்கள் மண்டபத்துக்கு மிக ஆபத்தான கேள்வி எது என்று கேட்டால், 'பத்துக் கட்டளைகளில் ஐந்தாவது எது?' என்பேன். பார்க்கப் பச்சைப்பிள்ளைக் கேள்வி. மெதடிஸ்ட், ஆங்கிலிக்கன் பிள்ளைகள் 'தாய் தகப்பனைக் கனம்பண்ணு' என்பார்கள். கத்தோலிக்கரும் லுத்தரன் சபையாரும் 'கொலை செய்யாதே' என்பார்கள். இரண்டு பேருமே சிறுவயதில் ஞாயிறு வகுப்பில் மனப்பாடம் செய்தவர்கள், இரண்டு பேரும் சரி. வசனம் எல்லோருக்கும் ஒன்றுதான், வரிசை எண்தான் வேறு. அந்நிய தேவர்கள் வேண்டாம் என்பதையும் விக்கிரகம் செய்யாதே என்பதையும் ஒரு சாரார் இரண்டு கட்டளையாக எண்ணுகிறார்கள். கத்தோலிக்க, லுத்தரன் கணக்கில் அது ஒன்று. பத்து வர வேண்டுமே என்று பிறனுக்குரியதை இச்சிக்காதே என்பதைக் கடைசியில் இரண்டாகப் பிரித்துக்கொள்கிறார்கள். இரண்டாவது தொடங்கி ஒன்பதாவது வரை எண் சொல்லிக் கேட்டால் எதிலும் இடறும். எண்ணே வேண்டாம், வசனத்தைப் பாதி வாசித்து மீதியைக் கேளுங்கள். பைபிளில் மொத்தம் எத்தனை நூல்கள் என்பதும் இதே கதை: புராட்டஸ்டண்ட் பதிப்பில் 66, கத்தோலிக்கப் பதிப்பில் 73. 'கடவுளின் பெயர் வராத நூல் எது' என்ற பிரபலக் கேள்விக்கு எஸ்தர் என்று விடை போட்டிருக்கும். எபிரேய மூலத்துக்கு அது பொருந்தும். கத்தோலிக்க பைபிளிலுள்ள எஸ்தரில் கிரேக்கப் பகுதிகளும் சேர்ந்திருக்கின்றன, அவற்றில் கடவுளை நோக்கிய மன்றாட்டே இருக்கிறது. போதாததற்கு உன்னதப்பாட்டையும் சிலர் இந்தக் கணக்கில் சேர்ப்பார்கள். இந்தக் கேள்வியைக் கையில் எடுக்காமல் இருப்பதே உத்தமம்.

புவியியலுக்கு வந்தால், நம் நாட்டுப் பெருமை சம்பந்தப்பட்ட கேள்விகளில் கூடுதல் கவனம் வேண்டும். சின்ன வயதில் படித்ததை யாரும் மறுபடி சரிபார்ப்பதில்லை. கினபாலு தென்கிழக்கு ஆசியாவின் மிக உயரமான மலை என்று நம்மவர்கள் பலர் சத்தியம் செய்வார்கள். கினபாலு 4,095 மீட்டர். இந்தோனேசியாவின் பாப்புவாவில் உள்ள புஞ்சாக் ஜெயா 4,884 மீட்டர். அது நியூகினித் தீவு, ஆசியாவோடு சேராது என்று யாராவது வாதம் செய்தால், மியன்மாரின் வட எல்லையில் 5,800 மீட்டரைத் தாண்டி நிற்கும் காகாபோ ராசி இருக்கிறது. 'மலேசியாவின் மிக உயரமான மலை' என்று கேளுங்கள், யாரும் வாய் திறக்க முடியாது. 'தீபகற்ப மலேசியாவில்' என்று கேட்டால் விடை குனோங் தஹான், 2,187 மீட்டர். ஒரே ஒரு சொல் சேர்ந்ததும் கேள்வி சுலபத்திலிருந்து நடுத்தரத்துக்குப் போய்விடுகிறது பாருங்கள்.

பத்துமலை முருகன் சிலையும் அப்படித்தான். 2006-இல் திறந்தபோது 42.7 மீட்டர், அதாவது 140 அடி, உலகிலேயே உயரமான முருகன் சிலை. 2022-இல் சேலம் மாவட்டம் புத்திரகவுண்டன்பாளையத்தில் 146 அடிச் சிலைக்குக் குடமுழுக்கு நடந்தது. பழைய தொகுப்புகளில் இன்னும் பத்துமலைதான் இருக்கும், உங்கள் மண்டபத்தில் செய்தி படிக்கும் ஒருவராவது எழுந்து நிற்பார். 'மலேசியாவின்' என்று மாற்றுங்கள், அல்லது மேலே ஏற எத்தனை படி என்று கேளுங்கள். 272 படி, அது மாறாது. பினாங்கின் இரண்டாவது பாலத்தையும் தென்கிழக்கு ஆசியாவின் மிக நீளமானது என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். 2014-இல் திறந்தபோது 24 கிலோமீட்டரோடு அது உண்மைதான். 2020-இல் புருணையில் டெம்புரோங் பாலம் ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் திறந்த பிறகு அந்தப் பட்டம் போய்விட்டது.

இரட்டைக் கோபுரத்தின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. அளவுகோல் என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. பெட்ரோனாஸ் கோபுரங்கள் 451.9 மீட்டர். அதுவரை முதலிடத்தில் இருந்தது சிகாகோவின் சியர்ஸ் டவர், அதன் கூரை 442 மீட்டர். பத்து மீட்டர் கூடுதல்தானே, ஜெயித்தாயிற்று என்று தோன்றும். ஆனால் பெட்ரோனாஸில் ஆள் புழங்கும் கடைசி மாடி ஏறத்தாழ 375 மீட்டரில்தான் இருக்கிறது. மீதியை உச்சிக் கூம்பு நிறைவு செய்கிறது. சியர்ஸ் கூரைமேல் நின்ற ஆண்டெனாவையும் சேர்த்தால் அது 500 மீட்டரைத் தாண்டும். சிகாகோக்காரர்கள் சும்மா இருப்பார்களா? எங்கள் ஆண்டெனாவை எண்ணமாட்டீர்கள், அவர்கள் கூம்பை எண்ணுவீர்களா என்று கேட்டார்கள். உயர்ந்த கட்டடங்களின் தரவரிசையை வைத்திருக்கும் அனைத்துலக மன்றம் 1996-இல் தீர்ப்புச் சொன்னது: கூம்பு கட்டட வடிவமைப்பிலேயே ஒரு பகுதி, அதனால் கணக்கில் சேரும், ஆண்டெனா பிறகு மாட்டிய கருவி, சேராது. அதோடு கூரை உயரம், ஆள் புழங்கும் மாடி, ஆண்டெனா நுனி என்று தனித்தனிப் பட்டியலும் போட்டது. அதாவது 1998-இல் 'உலகின் மிக உயரமான கட்டடம் எது' என்று மொட்டையாகக் கேட்டிருந்தால், கூரையைப் பிடித்துக்கொண்டு சிகாகோ என்று சொன்னவருக்கும் ஒரு நியாயம் இருந்தது. 2004-இல் தைப்பே 101 வந்து முதலிடத்தை எடுத்துக்கொண்டது. இன்று துபாயின் புர்ஜ் கலீஃபா 828 மீட்டர், நம் மெர்டேக்கா 118 கோபுரம் 678.9 மீட்டரில் இரண்டாவது. பெட்ரோனாஸுக்கு இன்றும் செல்லுபடியாகும் பட்டம் ஒன்று உண்டு: உலகின் மிக உயரமான இரட்டைக் கோபுரம். 'இரட்டை' என்ற சொல்லை விழுங்கிவிடாதீர்கள்.

உலகின் மிக உயரமான மலை எவரெஸ்ட், 8,848.86 மீட்டர் என்று 2020-இல் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்தன. இதில் 'கடல்மட்டத்திலிருந்து' என்று சேர்க்க வேண்டும். கடலடியிலிருந்து அளந்தால் ஹவாயின் மௌனா கியா 10,000 மீட்டரைத் தாண்டும், பூமியின் மையத்திலிருந்து தூரம் பார்த்தால் ஈக்வடாரின் சிம்பொராசோ முந்திவிடும். பெரும்பாலான நூல்கள் மிக நீளமான நதி நைல் என்கின்றன. அமேசானின் தலைநீரை வேறிடத்தில் வைத்து அளந்த சிலர் அதை ஒப்புவதில்லை. மலை நிபந்தனை போட்டால் தீர்ந்துவிடும், நதி தீராது. எனவே மலையை வைத்துக்கொள்ளுங்கள், நதியை விட்டுவிடுங்கள்.

வரலாற்றில் 'முதல்' என்ற சொல்லைப் பார்த்தாலே எனக்குக் கை நடுங்கும். உலகைக் கடல்வழியே முதலில் சுற்றி வந்தவர் மெகல்லன் என்று போட்டிருப்பார்கள். அவர் 1521-இல் பிலிப்பீன்ஸின் மாக்தான் தீவில் வெட்டுப்பட்டு இறந்தார். எஞ்சிய ஒரே கப்பலை 1522-இல் ஸ்பெயினுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் எல்கானோ, அவரையும் சேர்த்து 18 பேர். இது உறுதியான செய்தி. இங்கேதான் நம் ஊர் ஆர்வலர் ஒருவர் எழுந்து, 'இல்லை சார், முதலில் சுற்றியவர் ஒரு மலாய்க்காரர்' என்பார். என்ரிக்கே என்ற அந்த ஆளை 1511-இல் மலாக்கா போர்த்துகீசியர் கையில் விழுந்த சமயத்தில் மெகல்லன் அடிமையாக எடுத்துக்கொண்டு ஐரோப்பாவுக்குப் போனார். பிறகு மேற்கு வழியே பசிபிக்கைக் கடந்து வந்தபோது மொழிபெயர்ப்பாளராகக் கூடவே வந்து செபுவை அடைந்தவர் அவர். அதுவரை ஆவணம் இருக்கிறது. மெகல்லனின் உயில் அவரை மலாக்காக்காரர் என்கிறது, கூடவே பயணம் செய்து குறிப்பெழுதிய பிகாஃபெட்டா சுமத்ராக்காரர் என்கிறார். 1521 மே மாதம் செபுவில் கப்பலை விட்டுப் பிரிந்த பிறகு அவர் ஊர் திரும்பினாரா என்பதற்கு ஒரு வரிச் சான்றும் கிடைக்கவில்லை. திரும்பியிருந்தால் பட்டம் அவருக்குத்தான். இதைப் போட்டியில் வைக்க ஆசையாக இருந்தால், 'மெகல்லனோடு வந்த, மலாக்காவில் அடிமையாக்கப்பட்ட மொழிபெயர்ப்பாளரின் பெயர் என்ன' என்று கேளுங்கள். யார் முதல் என்பதை விருந்துச் சாப்பாட்டின்போது பேசிக்கொள்ளட்டும்.

நம் பக்கத்து வரலாற்றிலும் தேதியோடு எல்லையையும் சொல்ல வேண்டும். பினாங்கு பிரிட்டிஷார் கைக்குப் போன ஆண்டு 1786 என்று எல்லோரும் எழுதுவார்கள். அது தீவு. நீங்கள் போட்டி நடத்தப்போகும் பட்டர்வொர்த் இருக்கும் செபராங் பிறை, அதாவது பினாங்கின் பெருநிலப் பகுதி, 1800-இல்தான் கெடா சுல்தானிடமிருந்து அவர்கள் கைக்கு மாறியது. மண்டபம் நிற்கும் மண்ணுக்கே தப்பான வருடத்தை மேடையில் வாசித்தால் நன்றாகவா இருக்கும்? பிரான்சிஸ் லைட்டை 'பினாங்கைக் கண்டுபிடித்தவர்' என்றும் எழுதாதீர்கள். அவர் வருவதற்கு முன்பே இங்கே ஆட்கள் இருந்தார்கள், கெடா சுல்தானின் ஆட்சி இருந்தது. சுதந்திரக் கேள்விக்கு 1957 ஆகஸ்டு 31 மலாயாவுடையது, 1963 செப்டம்பர் 16 மலேசியாவுடையது. சபா, சரவாக் நண்பர்கள் மண்டபத்தில் இருந்தால் இதைக் குழப்பாதீர்கள். பசிபிக் போரின் முதல் அடி பேர்ல் ஹார்பரில் விழுந்தது என்பது இன்னொரு வழக்கமான விடை. ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கியது அதற்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் முன்னால். நாட்காட்டியில் மட்டும் கோத்தா பாருவுக்கு டிசம்பர் 8, பேர்ல் ஹார்பருக்கு டிசம்பர் 7, காரணம் நடுவில் இருக்கும் தேதிக்கோடு. இதை நல்ல கேள்வியாகத் திருப்பலாம்: 'பேர்ல் ஹார்பரைவிடத் தேதிப்படி ஒரு நாள் பிந்தியும் நேரப்படி முந்தியும் தாக்கப்பட்ட மலாயா ஊர் எது?' யோசித்தால் எட்டும் கேள்வி என்று நான் சொல்வது இந்த வகையை.

சினிமாவில் கொஞ்சம்தான் சொல்வேன். தமிழின் முதல் பேசும் படம் 1931 அக்டோபர் 31-இல் வெளியான 'காளிதாஸ்', இயக்கம் எச்.எம்.ரெட்டி, நாயகி டி.பி.ராஜலட்சுமி. அதில் தெலுங்கும் கலந்தே ஒலித்ததால் அதை முழுத் தமிழ்ப்படமாக ஏற்காதவர்கள் உண்டு. 'தமிழ் ஒலித்த முதல் பேசும் படம்' என்றால் வம்பில்லை. முதல் முழுநீள வண்ணப்படம் 1956-இன் 'அலிபாபாவும் 40 திருடர்களும்'. 'முழுநீள' என்பதை விட்டால், அதற்கு முன்பே சில காட்சிகள் மட்டும் வண்ணத்தில் வந்த படங்களை யாராவது இழுப்பார்கள். ஆஸ்கர் வாங்கிய முதல் இந்தியர் என்றால் மண்டபமே ரகுமான் என்று கத்தும். 'காந்தி' படத்தின் உடையலங்காரத்துக்காக 1983-இல் வாங்கிய பானு அதையாதான் முதல். அதிக ஆஸ்கர் வாங்கிய படம் 'டைட்டானிக்' என்று தொகுப்பில் இருந்தால் அடித்துவிடுங்கள். 'பென்-ஹர்', 'டைட்டானிக்', 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' மூன்றாம் பாகம், மூன்றுக்கும் தலா 11. 'அந்த மூன்றில் இயேசு வாழ்ந்த காலத்தில் கதை நடப்பது எது' என்று கேட்டால் சர்ச் கூட்டத்துக்கும் பொருந்தும், விடையும் ஒன்றுதான்.

அறிவியலில் தப்பு வருவது பெரும்பாலும் காலத்தால். எந்தக் கோளுக்கு நிலவுகள் அதிகம் என்ற கேள்விக்கு 2023 தொடக்கத்தில் சில மாதம் வியாழன் என்பதே சரி. அதே வருடம் சனி முந்திக்கொண்டது, 2025-இல் ஒரே அறிவிப்பில் 128 புது நிலவுகள் சேர்ந்து சனியின் கணக்கு 274 ஆனது. எண்ணிக்கை கேட்காதீர்கள், கோளின் பெயர் மட்டும் போதும், அதிலும் 'இன்றைய நிலவரப்படி' என்று ஒட்டுங்கள். புளூட்டோவை 2006-இல் கோள் பட்டியலிலிருந்து எடுத்தார்கள், பழைய தொகுப்புகளில் இன்னும் ஒன்பது கோள்கள் சுற்றிக்கொண்டிருக்கும். மிகச் சூடான கோள் சூரியனுக்குப் பக்கத்திலிருக்கும் புதன் அல்ல, வெள்ளி. அதன் அடர்ந்த கரியமிலவாயுப் போர்வை வெப்பத்தை வெளியே விடுவதில்லை. 206 எலும்பு என்பது வளர்ந்தவருக்கு, பிறந்த குழந்தைக்கு அதைவிடக் கூடுதல். தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பது கடல்மட்ட அழுத்தத்தில்; கினபாலு உச்சியில் ஏறத்தாழ 86 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதையே கேளுங்களேன்: 'கினபாலு உச்சியில் தண்ணீர் 100 டிகிரிக்கு மேலா, கீழா கொதிக்கும்?' மலையேறி மெகி நூடுல்ஸ் கிளறியவர் யாராவது ஒருவர் ஒவ்வொரு மேசையிலும் இருப்பார்.

கேள்விகளைச் சரிபார்ப்பது பற்றி ஒரு எச்சரிக்கை. பத்து இணையதளத்தில் ஒரே விடை இருந்தால் அது பத்துச் சாட்சி என்று நினைத்துவிடாதீர்கள். ஒன்பது பேர் ஒருவரிடமிருந்து அப்படியே நகல் எடுத்திருப்பார்கள், எழுத்துப்பிழை உட்பட. பைபிள் கேள்விக்கு பைபிளையே திறந்து அந்த வசனத்துக்கு முன்னும் பின்னும் வாசியுங்கள். மற்றவற்றுக்கு, ஒன்றையொன்று பார்த்து எழுதாத இரண்டு இடங்களிலாவது விடை ஒத்துப்போக வேண்டும். அது முடியாத கேள்வியைத் தயங்காமல் தூக்கிப் போடுங்கள். 50 வேண்டுமென்றால் 70 எழுதி வைத்தால்தான் தூக்கிப்போட மனசு வரும். பத்தில் மூன்று எல்லா மேசைக்கும் தெரிந்ததாக இருக்கட்டும், ஒன்றிரண்டு கடினமாக இருக்கட்டும், மீதி பேசிப் பேசி எட்டக்கூடியவையாக இருக்கட்டும். இது என் ருசி. வேறு மாதிரி வைத்து நன்றாக நடத்துபவர்களையும் பார்த்திருக்கிறேன்.

நடத்தும் விதத்தில் இரண்டு மூன்று செய்தி. மலாய் வழியில் நடக்கும் தேசியப் பள்ளியில் படித்த பிள்ளைகள் பலருக்குத் தமிழ் பேச வரும், வேகமாக வாசிக்க வராது. கேள்வியைத் திரையில் தமிழில் காட்டி, இரண்டு முறை வாசித்து, கீழே ஒரு வரி மலாயிலோ ஆங்கிலத்திலோ போடுங்கள். விடையை எந்த மொழியில் எழுதினாலும் ஏற்பதாக முதலிலேயே அறிவியுங்கள். ஆட்சேபத்தை வாயால் சொல்ல விடாதீர்கள். ஒரு துண்டுத்தாளில் எழுதி, அந்தச் சுற்று முடிவதற்குள் நடுவரிடம் கொடுக்க வேண்டும் என்று வையுங்கள். எழுத வேண்டும் என்றதும் பாதி ஆட்சேபம் தானாக அடங்கிவிடும். நடுவர் மேசையில் ஒரு கத்தோலிக்கரும் ஒரு மெதடிஸ்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரட்டும். கேள்வியே தப்பு என்று தெரிந்தால் எல்லா மேசைக்கும் அதை ரத்து செய்யுங்கள். இரண்டு விடையும் நியாயம் என்றால் இரண்டுக்கும் மதிப்பெண் கொடுங்கள். ஒரு மேசைக்கு மட்டும் சலுகை காட்டினால் அந்த இரவு கெட்டது.

கடைசியில் சமநிலை வந்தால் ஹேம்பரைப் பிரிக்க வேண்டியதில்லை. எண்ணாக விடை வரும் கேள்விகள் இரண்டு மூன்றைத் தனி உறையில் வைத்துக்கொள்ளுங்கள், நெருங்கிய எண் எழுதிய மேசைக்குப் பரிசு. ஆதியாகமத்தின்படி மெத்தூசலா எத்தனை வருடம் வாழ்ந்தார்? 969. கோலாலம்பூர் கோபுரம் ஆண்டெனாவோடு எத்தனை மீட்டர்? 421. இரண்டு மேசையும் ஒரே தூரம் தள்ளி எழுதினால், தாளை முதலில் நீட்டியவருக்கு என்று கேள்வியை வாசிப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.